ஸ்டான்லி பார்க்கை முதல்முறை சைக்கிளில் சுற்றப் போகிறீர்களா?

கனடாவின் வான்கூவர் நகரத்தில் இருக்கும் ஸ்டான்லி பார்க்கைச் சைக்கிளில் சுற்ற வழிகாட்டி எதற்கு, கடலை வலது கைப் பக்கம் வைத்துக்கொண்டு மிதித்தால் கிளம்பின இடத்துக்கே வந்துவிடப் போகிறோம் என்று கேட்பவர்கள் நிறைய. வழி தவறாது என்பது உண்மைதான். ஆனாலும் முதல்முறை போகிறவர்கள் யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: ஒரு தடவை வழிகாட்டியோடு போய்விடுங்கள், அப்புறம் எத்தனை தடவை வேண்டுமானாலும் தனியாகப் போய்க்கொள்ளலாம். அந்தக் கரையில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்கள் குடியிருந்த ஊர்கள் இருந்தன. அவர்களைக் கிளப்பிவிட்டுத்தான் அது பூங்கா ஆனது. இன்று பார்த்தால் யாரும் கால் வைக்காத காடு மாதிரி தெரியும், அதனால்தான் சொல்லித் தர ஒரு ஆள் தேவைப்படுகிறது.

சரி, முதலிலிருந்து வருவோம்.

எந்த டூர், எந்த நேரம்

பூங்கா இருப்பது டவுன்டவுனை ஒட்டி, மூன்று பக்கமும் தண்ணீர் சூழ்ந்த ஒரு நிலமுனையில். சுமார் 400 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய ஆயிரம் ஏக்கர். 1888ல் திறந்தார்கள். அதன் விளிம்பைச் சுற்றி ஒரு கருங்கல் சுவர் கட்டி, அதன் மேல் பாதை போட்டிருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் இதை சீவால் என்பார்கள். பூங்காவைச் சுற்றும் பகுதி மட்டும் 9 கிலோமீட்டரை ஒட்டி வரும். பெரும்பாலும் சமதளம் என்பதால் சைக்கிள் ஓட்டத் தெரிந்த யாரும் நிற்காமல் மிதித்தால் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். ஆனால் நிற்காமல் மிதிப்பதற்கு டூர் எதற்கு? இரண்டரை, மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்ளும் டூராகப் பாருங்கள். ஒன்றரை மணி நேரத்தில் முழுச் சுற்று என்று யாராவது சொன்னால், எங்கெங்கே இறங்கி நிற்போம் என்று கேளுங்கள். பிராக்டன் பாயின்ட், லம்பர்மேன்ஸ் ஆர்ச், சிவாஷ் பாறை, இந்த மூன்றிலும் இறங்கிப் பேசாத டூருக்குப் பணம் கொடுப்பதைவிட வாடகைக்கு சைக்கிள் எடுத்துத் தனியாகவே போகலாம்.

புக் செய்யும்போது இன்னொன்றும் கேளுங்கள்: அந்த நிலத்துப் பூர்வகுடிகளைப் பற்றி எவ்வளவு சொல்வார்கள் என்று. மஸ்குவியம், ஸ்குவாமிஷ், ட்ஸ்லெய்ல்-வாட்டுத் என்ற மூன்று மக்களின் பெயரையும் சொல்லாமல், பூங்காவுக்குப் பெயர் தந்த லார்ட் ஸ்டான்லியில் கதையைத் தொடங்கும் வழிகாட்டி என்றால் வேறு ஆளைத் தேடுங்கள்.

வாடகைக் கடைகள் டென்மன் தெருவும் ஜார்ஜியா தெருவும் சந்திக்கும் பக்கத்தில் வரிசையாக இருக்கின்றன, பூங்காவின் வாசல் அங்கிருந்து கூப்பிடு தூரம். டூர்கள் சில அங்கிருந்து கிளம்பும், சில டவுன்டவுன் நடுவிலிருந்து கனடா பிளேஸ் வழியாகக் கரையோரமாகவே பூங்காவுக்கு வரும். நமக்கு இரண்டாவதுதான் நல்லது, காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

ஜூலை, ஆகஸ்டில் மழை குறைவு, கூட்டம் அதிகம். அதிலும் சனி, ஞாயிறு மதியம் பாதை நிரம்பி வழியும், புதிதாக ஓட்டுபவர்களுக்கு அது வேண்டவே வேண்டாம். வார நாளில் காலை டூர் எடுங்கள். ஜூன் கடைசியில் இருட்டவே ஒன்பது மணிக்கு மேல் ஆகும் என்பதால் மாலை டூரும் அருமையாக இருக்கும். நவம்பரிலிருந்து மார்ச் வரை மழைக்காலம். போகக்கூடாது என்றில்லை, ஆனால் அந்த மாதங்களில் புயலடித்தால் பாதையில் சில பகுதிகளை மூடிவிடுவார்கள். 2022 ஜனவரியில் உயர் அலையும் புயலும் ஒன்றாக வந்து சீவாலை ஆங்காங்கே பெயர்த்தே போட்டுவிட்டது. அதனால் குளிர்காலத்தில் வருபவர்கள், முழுச் சுற்றும் திறந்திருக்கிறதா என்று முந்தின நாள் நகராட்சியின் தளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

சைக்கிள் கைக்கு வந்ததும்

இதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படியுங்கள். நம் ஊர் சைக்கிளில் வலது கைப் பிரேக் முன் சக்கரத்துக்கு, இடது கைப் பிரேக் பின் சக்கரத்துக்கு. கனடாவில் தலைகீழ். இடது கை முன் சக்கரம், வலது கை பின் சக்கரம். பல வருடப் பழக்கத்தில் நம் கை தானாகவே இடது பக்கத்தைத்தான் அழுத்திப் பிடிக்கும், அது பின் சக்கரம் என்ற நினைப்பில். இங்கே அப்படிச் செய்தால் முன் சக்கரம் சட்டென்று நின்று, ஆள் ஹேண்டில்பாருக்கு மேலாகப் போய் விழுவார். கடை வாசலிலேயே சைக்கிளைத் தள்ளிக்கொண்டே இடது பிரேக்கை மட்டும் மெதுவாகப் பிடித்துப் பாருங்கள், பின் சக்கரம் லேசாக எழும்பும். அப்புறம் வலது பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள், பின் சக்கரம் உராய்ந்து நிற்கும். வித்தியாசம் கைக்குப் புரிந்துவிடும். வண்டியில் போகும்போது இரண்டையும் சேர்த்து, மெதுவாக அழுத்துங்கள். அகலமான ஹேண்டில்பார் வைத்த குரூசர் சைக்கிள் கொடுத்தால் அதில் கைப் பிரேக்கே இல்லாமலும் இருக்கலாம், பெடலைப் பின்னால் மிதித்தால்தான் நிற்கும். பழக்கமில்லாதவர்கள் அதை வாங்காதீர்கள், கியர் வைத்த சாதாரண சைக்கிள் கேளுங்கள்.

சீட் உயரம் அடுத்தது. இரண்டு காலும் தரையில் பதியும்படி சீட்டை இறக்கி வைத்துக்கொள்வது நம்மில் பலருடைய வழக்கம். பயம் போகும், ஆனால் நாலாவது கிலோமீட்டரில் முட்டி வலிக்கும். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் ஏறக்குறைய நேராக நிற்க வேண்டும், அதுதான் சரியான உயரம். வழிகாட்டியிடம் சொன்னால் ஒரு நிமிடத்தில் சரி செய்து தருவார், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஹெல்மெட், வான்கூவர் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் எல்லா வயதினருக்கும் சட்டப்படி கட்டாயம். டூர்க்காரர்களே தருவார்கள். புருவத்துக்கு இரண்டு விரல் மேலே உட்கார வேண்டும், பின்னால் சரிந்திருந்தால் போட்டும் பயனில்லை. கொண்டை போட்டிருப்பவர்கள் பின்னலாக மாற்றிக்கொண்டு வாருங்கள். புடவை, வேட்டி, நீளத் துப்பட்டா எல்லாம் சங்கிலியில் மாட்டும். வெயில் நாளிலும் ஒரு மெல்லிய ஜாக்கெட் வேண்டும், ஏனென்றால் மேற்குப் பக்கம் திரும்பியதும் திறந்த கடல் காற்று முகத்தில் அடிக்கும்.

சின்னக் குழந்தை இருந்தால் குழந்தை சீட்டோ, பின்னால் இழுக்கும் டிரெய்லரோ வேண்டும் என்று புக் செய்யும்போதே சொல்லிவிடுங்கள். எல்லா டூரிலும் இருக்காது. சைக்கிள் அரைகுறையாகத் தெரிந்த பெரியவர்களை இந்தப் பாதையில் கற்றுக்கொள்ளக் கூட்டி வராதீர்கள், வெறும் புல்வெளியில் ஒரு வாரம் பழகிவிட்டு வரட்டும்.

பாதையின் சட்டதிட்டம்

சைக்கிளுக்கு ஒரே திசை, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. எங்கேயோ குடையை விட்டுவிட்டோம் என்று திரும்பி வரக்கூட முடியாது, சுற்றி முடித்துத்தான் வரவேண்டும். பாதை இரண்டாகப் பிரிந்திருக்கும், கடலை ஒட்டி நடப்பவர்கள், உள்பக்கம் சைக்கிள். நடப்பவர்கள் இரண்டு திசையிலும் வருவார்கள், அதனால் எதிரே ஆள் வந்தால் நாம்தான் தப்பாக வந்துவிட்டோமோ என்று பதற வேண்டாம். வேகம் மணிக்கு 15 கிலோமீட்டருக்குள். முந்த வேண்டுமானால் பெல் அடித்து, இடது பக்கமாக. போட்டோ எடுக்க வேண்டுமென்றால் முழுவதும் ஓரம் ஒதுங்கி, இறங்கி எடுங்கள். நடுப்பாதையில் திடீரென்று நிறுத்தி மொபைலை எடுப்பதுதான் அங்கே நடக்கும் மோதல்களுக்கு முக்கியக் காரணம் என்று வழிகாட்டிகள் எல்லோரும் சொல்வார்கள், நானும் கண்ணால் பார்த்திருக்கிறேன். குறுகலான இடங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொல்லும் பலகை இருந்தால் இறங்கிவிடுங்கள்.

குழுவாகப் போகும்போது முன்னால் போகிறவருக்கும் உங்களுக்கும் நடுவில் இரண்டு சைக்கிள் நீளமாவது இடம் விடுங்கள். பக்கத்தில் பக்கத்தில் போய்ப் பேசிக்கொண்டே வர ஆசையாக இருக்கும். பாதையின் அகலம் அதற்குப் போதாது.

கிளம்பியாயிற்று: எங்கே நிற்க வேண்டும்

கனடா பிளேஸிலிருந்து வரும் டூர் என்றால் கோல் ஹார்பர் கரையில் கோமகாட்டா மாரு நினைவுச் சுவர் வரும். வழிகாட்டி நிறுத்தாவிட்டால் நிறுத்தச் சொல்லுங்கள். 1914 மே மாதம் ஹாங்காங்கிலிருந்து கிளம்பி, இந்தியர்கள் 376 பேரை ஏற்றிக்கொண்டு கோமகாட்டா மாரு என்ற அந்தக் கப்பல் இதே நீரில் வந்து நின்றது. பெரும்பாலானவர்கள் பஞ்சாபிச் சீக்கியர்கள், கூடவே முஸ்லிம்களும் இந்துக்களும் இருந்தார்கள். எல்லோரும் பிரிட்டிஷ் பேரரசின் குடிமக்கள், கனடாவும் அதே பேரரசில் இருந்த நாடு. ஆனாலும் ஒரு சிலரைத் தவிர யாரையும் இறங்க விடவில்லை. இரண்டு மாதம் கப்பலிலேயே அடைத்து வைத்து, ஜூலை 23ஆம் தேதி கடற்படைக் கப்பலை வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் பஜ் பஜ் துறையில் இறங்கியபோது துப்பாக்கிச் சூடு நடந்து பலர் செத்தார்கள். இன்று நம் ஆட்கள் விமானத்தில் வந்திறங்கி, வாடகை சைக்கிளில் அந்தக் கரையைச் சாவகாசமாகக் கடந்து போகிறோம். அந்த இடத்தில் ஐந்து நிமிடம் நிற்பது நியாயம்.

பூங்காவுக்குள் நுழைந்ததும் லார்ட் ஸ்டான்லியின் சிலை இருக்கும், கையை விரித்துக்கொண்டு. கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தவர், ஹாக்கியில் ஸ்டான்லி கோப்பையும் இவர் பெயரில்தான். எல்லா நிறத்தவரும் எல்லாச் சமயத்தவரும் எல்லா வழக்கத்தவரும் என்றைக்கும் அனுபவிக்க இந்தப் பூங்கா என்று அவர் அர்ப்பணித்த செய்தி அந்தச் சிலையில் பொறித்திருக்கிறது. படித்துக்கொள்ளுங்கள், போகிற வழி முழுக்க அது மனதில் இருக்கட்டும்.

வலது பக்கம் ஒரு சின்னத் தீவு தெரியும், டெட்மேன்ஸ் ஐலண்ட். பூர்வகுடிகளின் இடுகாடாக இருந்த இடம். இப்போது கடற்படையின் ரிசர்வ் தளம், உள்ளே விட மாட்டார்கள். அதைத் தாண்டினால் ஒன்பது மணிப் பீரங்கி. 1816ல் இங்கிலாந்தில் வார்த்தது, தினமும் இரவு ஒன்பதுக்கு இன்றும் வெடிக்கிறது.

அடுத்து பிராக்டன் பாயின்ட். டோட்டம் கம்பங்கள், அதாவது பூர்வகுடிகள் உருவங்கள் செதுக்கி நிறுத்தும் உயரமான மரக் கம்பங்கள் நிற்கும் இடம், எல்லோரும் போட்டோ எடுத்துக்கொள்ளும் இடமும் இதுதான். சைக்கிளை ஸ்டாண்டில் பூட்டிவிட்டு நடந்து போங்கள். நன்றாகத் தெரிந்த வழிகாட்டி முதலில் சொல்வது இதைத்தான்: இவற்றில் பெரும்பாலானவை இந்த ஊர்க் கம்பங்கள் இல்லை. 1920களில் வடக்கே அலெர்ட் பே என்ற இடத்திலிருந்து வாங்கி வந்து பூங்காவில் நட ஆரம்பித்தார்கள், பிறகு வேறு இடங்களிலிருந்தும் சேர்ந்தன, 1960களில் எல்லாவற்றையும் இங்கே மாற்றினார்கள். மூலக் கம்பங்கள் பல அருங்காட்சியகங்களுக்குப் போய்விட்டதால் இப்போது நிற்பவற்றில் நகல்களும் உண்டு. இந்தக் கரைக்கே உரிய கோஸ்ட் சாலிஷ் மக்கள் (மேலே சொன்ன மூன்று மக்களும் இவர்களில் சேர்ந்தவர்கள்தான்) செதுக்கியது வீட்டுத் தூண்களும் வரவேற்பு உருவங்களும்தான், இவ்வளவு உயரமான கம்பம் அவர்கள் மரபு இல்லை. அதாவது இங்கே இருந்தவர்களை வெளியே அனுப்பிக்கொண்டிருந்த காலத்திலேயே, தூரத்திலிருந்து வேறு மக்களின் கம்பங்களைக் கொண்டு வந்து நட்டிருக்கிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு கம்பத்தை மட்டும் தேடிப் பிடியுங்கள். 2009ல் நிறுத்தியது, ஸ்குவாமிஷ் சிற்பி ராபர்ட் யெல்டன் செதுக்கியது. அவருடைய அம்மா ரோஸ் கோல் யெல்டன் இதே பிராக்டன் பாயின்ட்டில் குடியிருந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். கோல் குடும்பம் 1935 வரை வாழ்ந்த வீடு இருந்த இடத்துக்கு எதிரேதான் இந்தக் கம்பம் நிற்கிறது. கம்பங்களை எண்ணிப் போட்டோ எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுபவர்கள்தான் அதிகம். இந்த ஒரு கம்பத்தின் முன் நின்று, பின்னால் திரும்பிப் புல்வெளியைப் பாருங்கள். வேலி, அடுப்பு, கொடியில் காயும் துணி எல்லாம் இருந்த இடம் அது. இங்கிருந்த குடும்பங்களை நகரம் 1920களில் கோர்ட்டுக்கு இழுத்து, ஆக்கிரமிப்பாளர்கள் என்று தீர்ப்பு வாங்கியது.

கலங்கரை விளக்கத்தைத் தாண்டியதும் எதிர்க்கரையில் மஞ்சளாக ஒரு மலை தெரியும். மணல் இல்லை, கந்தகம், கப்பலில் ஏற்றுவதற்காகக் குவித்தது. பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். பாறை மேல் உட்கார்ந்திருக்கும் முக்குளிப்பு உடைப் பெண் சிலை 1972ல் வைத்தது. அதற்கப்புறம் வரும் டிராகன் தலை, எம்ப்ரஸ் ஆஃப் ஜப்பான் என்ற பழைய கப்பலின் முகப்பு உருவத்தின் நகல். இரண்டையும் ஓடுகிற சைக்கிளிலிருந்தே பார்த்தால் போதும்.

லம்பர்மேன்ஸ் ஆர்ச்சில் கழிப்பறை, சிற்றுண்டிக் கடை, குழந்தைகள் தண்ணீரில் விளையாட இடம் எல்லாம் இருக்கும், அதனால் எல்லா டூரும் இங்கே நிற்கும். ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு புல்லில் உட்காருங்கள், உட்கார்ந்த பிறகு வழிகாட்டியிடம் ஹ்வைஹ்வை பற்றிக் கேளுங்கள். நீங்கள் உட்கார்ந்திருப்பது அந்த ஊரில்தான். பெரிய மர வீடுகளும் கூடி விழா எடுக்கும் இடமும் இங்கே இருந்தன. தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டுப் போட்ட சிப்பி ஓடுகள் மண்ணோடு சேர்ந்து மேடாகக் கிடந்தன. 1888ல் பூங்காவுக்குச் சாலை போட்டவர்கள் அந்த மேட்டைத் தோண்டி எடுத்து, வெள்ளை வெளேரென்று இருந்த ஓடுகளைச் சாலையின் மேல் பரப்பினார்கள். பூங்காவின் முதல் சாலை ஒரு ஊரின் சாப்பாட்டு மிச்சத்தின் மேல் ஓடியது.

இதே கரையில் கொஞ்சம் தள்ளி, பாலத்துக்கு முன்னால், சாய்தூஸ் என்ற இன்னொரு குடியிருப்பு. அங்கே சிறுவனாக வளர்ந்த ஆகஸ்ட் ஜாக் காட்சலானோ, வீட்டுக்குள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சாலைப் பணியாளர்கள் வெளியே நின்று வீட்டின் மூலையை வெட்டியதைப் பிற்காலத்தில் நகரத்தின் ஆவணக் காப்பாளரிடம் சொல்லிப் பதிவாகியிருக்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிட்சிலானோ பகுதிக்கு அவருடைய தாத்தாவின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் லயன்ஸ் கேட் பாலம், 1938ல் திறந்தது. கின்னஸ் பீர் குடும்பம் எதிர்க்கரையில் வாங்கிப் போட்ட நிலத்துக்கு வழி வேண்டும் என்று தன் பணத்தில் கட்டியது. அதன் அடியில் போகும்போது தலைக்கு மேலே வண்டிகள் ஓடும் சத்தம் கேட்கும். பாலத்துக்கு அப்புறம் செங்குத்துப் பாறையும் கடலும் நெருங்கி வரும், இங்கே வளைவுகள் அதிகம், எதிர்க்காற்றும் சேரும். கியரைக் குறைத்துக்கொண்டு மெதுவாகப் போங்கள்.

தண்ணீரில் தனியாக நிற்கும் சிவாஷ் பாறையில் சைக்கிளை ஓரம் கட்டிவிட்டு, சீவாலையும் ஒரு தடவை குனிந்து பாருங்கள். கப்பல்கள் கிளப்பும் அலை கரையை அரித்ததால் 1917ல் இந்தச் சுவரை ஆரம்பித்தார்கள், சுற்று முழுசாக இணைந்தது 1971ல். கல்தச்சர் ஜேம்ஸ் கன்னிங்ஹாம் முப்பது வருடத்துக்கு மேல் இதை முன்னின்று கட்டினார், 1963ல் இறந்துபோனதால் முடிந்ததைப் பார்க்கவில்லை. அவருக்கு ஒரு நினைவுப் பலகை இந்தப் பாறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அலை இறங்கியிருக்கும் நேரமென்றால் கல்லுக்குக் கல் எவ்வளவு இழைத்துப் பொருத்தியிருக்கிறார்கள் என்று தெரியும். பாறையைப் பற்றி ஸ்குவாமிஷ் மக்களிடம் கதை உண்டு, தன்னலமில்லாத ஒருவரை எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்படி பாறையாக நிறுத்தினார்கள் என்று. அதை வழிகாட்டி வாயால் அங்கேயே நின்று கேளுங்கள்.

காட்டுப் பக்கம் வெறுமையாகத் தெரியும் இடங்களைப் பார்த்தால் கேள்வி வரும். 2006 டிசம்பர் புயலில் பத்தாயிரம் மரங்கள் வரை விழுந்தன. அண்மை ஆண்டுகளில் ஹெம்லாக் மரங்களின் இலையைத் தின்னும் ஒரு அந்துப்பூச்சியின் புழு பெருகி, ஏராளமான மரங்கள் பட்டுப்போய், அவற்றை வெட்டி வருகிறார்கள். விலங்குகளுக்கு எதுவும் கொடுக்காதீர்கள். 2020, 21ல் கொயோட்டிகள் (ஓநாய், நரி இனத்து விலங்குகள்) நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைத் தாக்கி, பூங்காவைக் கொஞ்ச நாள் இரவு நேரங்களில் மூட வேண்டி வந்தது. மனிதர்கள் தீனி போட்டுப் பழக்கியதும் அதற்கு ஒரு காரணம்.

முடிக்கும்போது

தேர்ட் பீச்சில் மணலில் இறங்க ஆசைப்பட்டால் பத்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், மாலை டூரில் சூரியன் இறங்குவது இந்தப் பக்கம்தான். செகண்ட் பீச்சில் நீச்சல் குளம் இருக்கிறது. மார்ச்சிலிருந்து ஆகஸ்டுக்குள் வந்தால் அங்கிருந்து கொஞ்சம் தள்ளி, டென்னிஸ் கோர்ட் பக்கத்து மரங்களில் பெரிய நீல நாரைகள் கூடு கட்டியிருக்கும், நகரத்தின் நடுவில் ஒரு முழுக் குடியிருப்பு. அந்த மரங்களுக்கு அடியில் மட்டும் சைக்கிளை நிறுத்தாதீர்கள், தரையெல்லாம் எச்சத்தால் வெள்ளையாகக் கிடப்பதைப் பார்த்தாலே புரியும்.

கடைசியில் லாஸ்ட் லகூன் ஓரமாக ஜார்ஜியா தெருப் பக்கம் வந்து சேர்வீர்கள். சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கும்போது கீறல் ஏதாவது இருந்தால் நீங்களே காட்டிவிடுங்கள். கிளம்பும்போதே மொபைலில் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வைத்திருந்தால் பேச்சே வராது. வழிகாட்டிக்கு டிப்ஸ் கொடுப்பது அங்கே வழக்கம், டூர் பிடித்திருந்தால் 15 சதவீதம் வைத்துக் கொடுங்கள். பசிக்கு டென்மன் தெரு முழுக்கச் சாப்பாட்டுக் கடைகள், ராமென், சூப் நூடுல்ஸ் என்று சூடாகக் கிடைக்கும். அடுத்த தடவை தனியாக வரும்போது டூரெல்லாம் வேண்டாம், நகரத்தின் பொது வாடகை சைக்கிள் மோபியின் நிலையங்கள் பூங்காவிலும் இருக்கின்றன, ஹெல்மெட்டும் அதிலேயே மாட்டியிருக்கும். சொந்த சைக்கிள் இருந்தால் டவுன்டவுனிலிருந்து 19ஆம் எண் பஸ்ஸின் முன்பக்க ரேக்கில் ஏற்றிக்கொண்டும் வரலாம், ஒரு பஸ்ஸில் இரண்டு சைக்கிளுக்குத்தான் இடம் என்பதால் குடும்பத்தோடு வருபவர்கள் இரண்டு பஸ்ஸாகப் பிரிந்து வர வேண்டியிருக்கும்.